கையுறை விழுந்த கம்ப்யூட்டர்

திங்கட்கிழமை மதியம் சங்கத்தின் கம்ப்யூட்டர் இரண்டு முறை உறுமியது, பின்பக்கமாகப் புகை விட்டது, செத்துப்போனது. பன்னிரண்டு வருடம் உழைத்த உடம்பு. எங்களில் பாதிப் பேருக்கு முதுகு அவ்வளவு வருடம் தாங்கியதில்லை என்பதால் யாரும் அதைத் திட்டவில்லை.

செத்த நேரம்தான் கோளாறு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தொழிலாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் ஒரு பதிலை ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் கொக்கிக்கு வேலை போனது போனதுதான்.

நாங்கள் நாற்பத்து மூன்று பேர், ஒரு பெரிய கிடங்கில் சரக்கு இறக்குகிறோம். கம்ப்யூட்டர் சாமான்கள்தான் அதிகம் வரும். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சரக்கைத் தூக்குவது அநியாயம் என்று ஒருவருக்குப் பட்டால், தன் கையுறையைக் கழற்றி அதன்மேல் போடுவார். போட்டால் போட்டதுதான். அவரே திரும்ப எடுக்கும்வரை மற்றவர்கள் அதைத் தொடமாட்டோம். ஒரே ஒரு விலக்கு: உடைந்து கிடக்கும் சரக்குக்குக் கையுறை செல்லாது. அது வழியில் கிடந்து எல்லார் காலையும் குத்தும், யாராவது தூக்கித்தான் ஆக வேண்டும்.

கொக்கி எங்களில் மூத்தவர். வலது கை ஆட்காட்டி விரல் வளைந்தே நிற்பதால் அந்தப் பெயர். போன மாதம், சக்கரம் உடைந்த தள்ளுவண்டியில் ஓர் ஆளுயர மரப்பெட்டியை ஏற்றச் சொன்னார்கள். கொக்கி பெட்டிமேல் கையுறையைப் போட்டார். மேனேஜர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். கையுறை வழக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது, அன்று இந்த ஆள் திமிரில் செய்த அடாவடி அது, என்று தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதியும் கொடுத்துவிட்டார். அதற்கு எங்கள் பதிலும் நாற்பத்திரண்டு பேருடைய வாக்குமூலமும் செத்த கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இருந்தன.

தெருமுனையில் இணைய மையம் ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் மேனேஜரின் மைத்துனர். போன வருடம் அங்கே உட்கார்ந்து நாங்கள் அடித்த புகாரை, அனுப்புவதற்கு முன்பே மேனேஜர் படித்துவிட்டு, இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று எங்களிடமே சொன்னார். செல்போனில் அனுப்பலாம் என்றால், அந்த இணையதளம் செல்போனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்கள் வீடுகளில் யாரிடமும் கம்ப்யூட்டர் கிடையாது. ஆயிரக்கணக்கில் தூக்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் சங்கக் கூட்டம். நான்தான் தீர்மானப் புத்தகம் எழுதுகிறவன். கம்ப்யூட்டர் கடை நடத்தும் பெண்ணைச் செயலாளர் வரவழைத்திருந்தார். அவள் செத்ததைத் திறந்து, முகர்ந்து, மூடினாள்.

"ஹார்ட் டிஸ்க் பத்திரமா இருக்கு. உங்க காகிதமெல்லாம் அதுல இருக்கும். போர்டு, பிராசசர், பவர் சப்ளை மூணையும் மாத்தணும். நாளைக்கே மாட்டித் தரேன்."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம் தோழர்களே. நம்ம சங்கத்துக்கு வாங்குற சாமான், நம்மள மாதிரி ஆளுங்களை ஏறி மிதிக்கிற கம்பெனியோடதா இருக்கக் கூடாது. யாருக்காவது ஆட்சேபம் இருந்தா, நம்ம வழக்கப்படி சொல்லலாம்."

வழக்கப்படி என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். எல்லார் இடுப்பிலும் கையுறை இருந்தது.

கம்பெனிகளின் பெயர் எங்களில் பாதிப் பேருக்கு வாயில் நுழையாது. அட்டைப்பெட்டியை வைத்துத்தான் அடையாளம். கடைக்காரப் பெண் பெயரை வாசிப்பாள், நாங்கள் விழிப்போம், அவள் செல்போனில் பெட்டியின் படத்தைக் காட்டுவாள், உடனே கூட்டத்துக்குக் கோபம் வரும். அப்படித்தான் நடந்தது.

"பிராசசர் முதல்ல" என்று படத்தைக் காட்டினாள்.

"நீலப்பட்டையா!" என்று எழுந்தார் தராசு. எந்தப் பெட்டியையும் அரை அடி தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிடுகிற மனிதர். "பெட்டிமேல பதினெட்டு கிலோன்னு போட்டிருப்பான். தூக்கினா முப்பத்தொண்ணு. பதிமூணு கிலோ பொய் தங்கச்சி. என் இடுப்புல இருக்குது அந்தப் பொய்."

கையுறை மேசையில் விழுந்தது.

"அண்ணே, பிராசசர் இத்துனூண்டு இருக்கும். ஒரு கையில பிடிக்கலாம்."

"சின்னதா இருந்தா என்ன, ஆள் ஒண்ணுதானே?"

அடுத்து போர்டு. படத்தில் கழுகு முத்திரை. பின்வரிசையிலிருந்து ஏழுநிமிஷம் வந்தார். கழுகுக் கம்பெனிதான் எங்கள் கிடங்குக்குக் கண்காணிப்புக் கேமரா விற்றது. கழிவறை வாசலில் ஒன்று மாட்டினார்கள். முதல் நாளே இவரைக் கூப்பிட்டு, உள்ளே ஏழு நிமிடம் என்ன செய்தாய் என்று எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். இவரும் நேர்மையாக எழுதிக் கொடுத்தார். ஒளிவுமறைவில்லாத அந்தக் கடிதம் இன்றும் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. ஏழுநிமிஷம் கையுறையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதற்குப் பதிலாக அவள் காட்டிய பச்சை வளையக் கம்பெனியின்மேல் செயலாளரே கையுறை போட்டார். அவர்களுக்கு உலோகம் தோண்டும் சுரங்கத்தில் குழந்தைகள் இறங்குவதைப் பத்திரிகையில் படித்தாராம். அதை யாரும் மறுத்துப் பேசவில்லை. இன்னொரு கம்பெனியின்மேல், முறம் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் போட்டார். அவருக்குக் கை பெரிது. அந்தக் கம்பெனிப் பெட்டியில் கைப்பிடி ஓட்டை சின்னது.

"இது எப்படிங்க அநியாயம் ஆகும்?" என்றார் செயலாளர்.

"நாலு விரலை மட்டும் உள்ள விட்டு நாள் முழுக்க நீங்க தூக்கிப் பாருங்க. சாயங்காலம் பேசுவோம் நியாயம் அநியாயம்."

எழுதிக்கொள்ளச் சொன்னார் செயலாளர். எழுதிக்கொண்டேன்.

கடைசியாகப் பவர் சப்ளை. படத்தில் இரட்டைக்கோடு. கொக்கி எழுந்தார். அவர் எழுந்தாலே எங்களுக்குத் தெரியும். இரட்டைக்கோடு கம்பெனியின் தொழிற்சாலையில் அவர் மனைவி எட்டு வருடம் வேலை பார்த்தார். எந்திரத்தில் கை மாட்டியது. கொக்கி ஒன்பது வருடமாக அந்தக் கதையைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்.

"மூணு விரல்! மூணு விரலைத் தின்னான் அந்தக் கம்பெனிக்காரன். ரத்தம் குடம் குடமா போச்சு. இந்த ரெண்டு கையில அவளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவன் என்ன கொடுத்தான் தெரியுமா? ஒரு மேசை ஃபேன்!"

ஐந்தாவது கையுறை விழுந்தது. கடைக்காரப் பெண் மேசையைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் வேணுமா, மனசாட்சி வேணுமா? என் கடைல ஒண்ணுதான் இருக்கு." கொஞ்சம் யோசித்து, "சரி, வாங்க, என் கடைக் கம்ப்யூட்டர்லயே அனுப்பிடுங்க" என்றாள்.

ஏழுநிமிஷம் தலையைத் தூக்கினார். "அது என்ன மார்க்கு தங்கச்சி?"

அவள் செல்போனில் படத்தைக் காட்டினாள். கழுகு.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் மற்றக் கம்பெனிகளைத் தேடினாள். கிடைத்தன, வந்துசேரப் பத்து நாளாகும் என்றார்கள். புதன்கிழமை தராசுதான் வழி கண்டுபிடித்தார்.

"உடைஞ்ச சரக்குக்குக் கையுறை செல்லாதுல்ல? பழைய இரும்புக் கிடங்குல மலை மாதிரி கிடக்குதே. அந்தக் கம்பெனிக்காரன் வித்து முடிச்சு, எவனோ அனுபவிச்சு, தூக்கிப் போட்டாச்சு. அது இப்ப யார் சரக்கு? குப்பை."

செயலாளர் அவரைக் கட்டிப்பிடித்தார்.

வேலை முடிந்ததும் ஆறு பேர் போனோம். மழையில் நனைந்து காய்ந்த கம்ப்யூட்டர்கள், தலைகீழாக, குவியல் குவியலாக. பழக்கதோஷத்தில் தராசு ஒவ்வொரு போர்டாகக் கையில் தூக்கிப் பார்த்து, "இது கொஞ்சம் கனம், இதை எடு" என்றார். கனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்று கடைக்காரப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கொடுத்த நான்காவது போர்டு, பிராசசரோடு சேர்த்து, உயிரோடு இருந்தது. பிராசசர் நீலப்பட்டை. தராசு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றார். போர்டில் கழுகு இருந்தது. ஏழுநிமிஷம் அதையே வெகுநேரம் பார்த்தார்.

"தூக்கிப் போட்ட கழுகுதானே" என்றார் பிறகு. "நம்ம கிட்ட வேலை பார்க்கட்டும்."

பவர் சப்ளை மட்டும் சிக்கவில்லை. கிடைத்தது ஒன்றே ஒன்று, இரட்டைக்கோடு, அதுவும் பிணம். வியாழக்கிழமை கடைக்காரப் பெண் கையை விரித்தாள். அந்தப் பழைய போர்டுக்குப் பொருந்துகிற புதுசு அவள் கடையிலும் பக்கத்துக் கடைகளிலும் இரட்டைக்கோடு மட்டும்தான். வேறு எதுவும் வெள்ளிக்கிழமைக்குள் வராது.

எல்லாரும் கொக்கியைப் பார்த்தோம். அவருடைய கையுறை மேசையில் அப்படியே கிடந்தது.

"எடுத்துடுண்ணே" என்றேன். "போறது உன் வேலை."

"தெரியும்."

"ஒரே ஒரு பெட்டிண்ணே. நம்ம கைக்கு அடக்கமான பெட்டி."

கொக்கி நாற்காலியில் உட்கார்ந்தார். வளைந்த விரலால் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இப்படி ஒரு வழக்கமே இல்லைன்னு மேனேஜர் எழுதியிருக்கான். என் வேலைக்காக நானே என் கையுறையை எடுத்தா, அவன் எழுதினது சரின்னு ஆயிடும்டா. அப்புறம் என்னத்தை அனுப்பி என்ன?"

அவர் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன். செயலாளர், "இந்தக் கூட்டத்துல அன்னிக்கு நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது" என்றார். அதை எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அரை நாள் விடுப்புப் போட்டு நாங்கள் உட்கார்ந்திருக்க, கொக்கியின் மனைவி சங்கத்துக்குள் வந்தார். தராசின் மனைவி மூலம் விஷயம் போயிருந்தது. கையில் ஒரு துணிப்பை. எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணி.

"எந்தப் பொட்டி?" என்றார்.

"நீ எதுக்கு இங்க வந்தே?" என்றார் கொக்கி.

"நாலு நாளா என் விரலை வச்சுக் கூட்டம் போட்டிருக்கீங்க. விரலுக்குச் சொந்தக்காரியை ஒருத்தரும் கேக்கல. எங்க அந்தச் செத்த பொட்டி?"

குப்பையில் எடுத்த பவர் சப்ளையை அவர்முன் வைத்தேன். திருப்பிப் பார்த்தார். மூலையில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டை நகத்தால் சுரண்டினார்.

"மூணாம் வரிசை. எங்க வரிசைதான். எட்டு வருஷம் இதைத்தான் பண்ணேன். ஒரு நாளைக்கு நானூறு."

பைக்குள்ளிருந்து சால்டரிங் அயர்ன், ஈயக்கம்பி, ஸ்க்ரூ டிரைவர், தடித்த ரப்பர் கையுறை ஒன்று வந்தன. அயர்னைக் கடைக்காரப் பெண் வியந்து பார்த்தாள்.

"நல்ல அயர்ன் அக்கா. கம்பெனி குடுத்ததா?"

"கம்பெனி குடுத்தது ஃபேன். இது நானா எடுத்துக்கிட்டது."

வலது கையில் ரப்பர் கையுறையை மாட்டி, மூடியைக் கழற்றி, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை முதலில் கொன்றார். பிளக்கில் இல்லையென்றாலும் இது கடிக்கும், யாரும் கையை விடாதீர்கள் என்றார். நாங்கள் நாற்காலிகளோடு பின்னால் நகர்ந்தோம். குட்டி டப்பாக்கள் வரிசையாக நின்றன. அதில் இரண்டின் தலை உப்பியிருந்தது. "இதுங்கதான் எப்பவும் முதல்ல சாகும். மட்டமானதைப் போடாதீங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். கேட்டானா?" கடைக்காரப் பெண் ஓடிப்போய் அதே அளவில் இரண்டு கொண்டுவந்தாள். அண்ணியின் இடது கையில் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நுனி இல்லை. அந்த இரண்டு மொட்டைகளுக்கு நடுவில்தான் அண்ணி ஈயக்கம்பியைப் பிடித்திருந்தார். ஆடவில்லை. முறம் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு ஒரு கம்பித்துண்டால் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தார். உள்ளிருந்த விசிறி சுற்றியது. நாங்கள் கைதட்டினோம். கொக்கி எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

நாலு மணி பத்து நிமிடத்துக்குக் கம்ப்யூட்டர் எழுந்தது. வாக்குமூலங்கள் வந்தன, எங்கள் பதிலும் வந்தது. செயலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மௌஸை நோக்கிக் கையை நீட்டினார்.

கீபோர்டின்மேல் ரப்பர் கையுறை விழுந்தது.

"அண்ணி?" என்றார் செயலாளர்.

"எனக்கும் ஒரு ஆட்சேபம் இருக்கு."

"நீங்க சங்கத்துல உறுப்பினர் இல்லையே அண்ணி."

"அப்போ நான் போட்ட ஈயத்தைச் சுரண்டிக் குடுங்க, போறேன்."

செயலாளர் உட்கார்ந்தார். மணி நாலு பதின்மூன்று.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை இவர் சொன்னதை எழுதினீங்கல்ல? படிங்க."

படித்தேன். மூன்று விரல், குடம் குடமாக ரத்தம், இரண்டு கைகளில் தூக்கிக்கொண்டு ஓடியது.

"அடிச்சிட்டு எழுதுங்க. ரெண்டு விரல் நுனி. நானே கையில துணியைச் சுத்திக்கிட்டு, பஸ் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவர் சாயங்காலம் வந்தாரு. கட்டைப் பார்த்ததும் மயங்கி விழுந்தாரு. நர்ஸம்மா என்னை எழுப்பிவிட்டு என் கட்டில்ல இவரைப் படுக்க வச்சாங்க."

யாரோ சிரிப்பை விழுங்கியது கேட்டது. ஏழுநிமிஷமாக இருக்கலாம்.

"மயங்கல" என்றார் கொக்கி. "உட்கார்ந்தேன்."

"தரையிலயா?"

"கால் அசந்துபோயிருந்தது. காலைலேர்ந்து லோடு."

"மயங்கினாருன்னு எழுதுங்க."

"உட்கார்ந்தாருன்னு எழுதுடா!"

மணி நாலு இருபத்தைந்து. "யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்கப்பா" என்று செயலாளர் கெஞ்சினார். தராசு நடுவில் புகுந்து, "சாய்ந்தார்னு போட்டுக்கலாமா?" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அவரை முறைத்தார்கள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் அண்ணி. குரல் இறங்கியிருந்தது. "மறுநாள் கட்டோட போய் அந்த எந்திரத்து முன்னாடி நின்னேன். மூடி போடாம ஓட்டக் கூடாதுன்னேன். என் வரிசைல இருபத்தாறு பொம்பளைங்களும் எழுந்து நின்னாங்க. மூணு நாள் நின்னுச்சு எந்திரம். நாலாம் நாள் மூடி போட்டான். அப்புறந்தான் என்னை அனுப்பினான். அதை இவரு ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. ரத்தம், ஃபேன், ரத்தம், ஃபேன்."

கொக்கி மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கடிகாரம் நாலு முப்பத்தெட்டு.

"மயங்கினேன்" என்றார். "எழுதிக்கோ. முழுசா எழுதிக்கோ."

எழுதினேன். கொக்கி கையெழுத்துப் போட்டார். அண்ணிக்கு அதுவும் போதவில்லை. "அந்த நோட்டைப் போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்புங்க. இந்த வாரம் எழுதினது எல்லாத்தையும். நாளைக்கே கிழிச்சிடுவாரு." திங்கள் முதல் எழுதிய எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பினேன். அதன் பிறகே ரப்பர் கையுறையை எடுத்துப் பைக்குள் போட்டார்.

மணி நாலு நாற்பத்தாறு. வாக்குமூலங்களை ஏற்றினோம். தள்ளுவண்டிப் படங்கள் என் செல்போனில் இருந்தன. அதைக் கம்ப்யூட்டரில் செருகினேன், ஒவ்வொன்றாகப் பார்க்க நேரமில்லை. இருந்த படங்களையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஏற்றினேன். கம்ப்யூட்டர் குப்பையிலிருந்து வந்த ஞாபகத்தில் மூச்சு வாங்கியது. நாலு ஐம்பத்தேழுக்குத் திரையில் பதிவு எண் வந்தது. முறம் என்னைத் தூக்கியே விட்டார்.

நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது மூன்று வாரம் கழித்து விசாரணையில்தான் தெரிந்தது. அதிகாரி மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. எதிரே மேனேஜர். இந்தப் பக்கம் செயலாளர், கொக்கி, அண்ணி, நான்.

"நாற்பத்திரண்டு வாக்குமூலமும் ஒரே மாதிரி இருக்கு" என்றார் அதிகாரி.

"உட்கார வச்சுச் சொல்லிக் குடுத்து எழுதினது மேடம்" என்றார் மேனேஜர். "அப்படி ஒரு வழக்கமே கிடையாது."

"ஆனா இது யாரும் சொல்லிக் குடுத்து எழுதினது மாதிரி தெரியலையே" என்று அதிகாரி வேறொரு கட்டைப் பிரித்தார். அச்செடுத்த பக்கங்களில் என் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. தீர்மானப் புத்தகம். திங்கள் முதல் வெள்ளிவரை.

அவர் வாய்விட்டே படித்தார். நீலப்பட்டை, தராசு, பதிமூன்று கிலோ பொய். கழுகு. கைப்பிடி ஓட்டை. ஐந்து கையுறை. பிறகு வியாழக்கிழமைப் பக்கத்துக்கு வந்தவர் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

"தன் வேலையே போகும்னு தெரிஞ்சும் இந்த மனுஷன் தன் கையுறையை எடுக்கல. சொந்த சங்கத்துக் கம்ப்யூட்டர் மேலயே அஞ்சு பேர் போட்டிருக்காங்க. இதுக்குப் பேரு வழக்கம் இல்லாம வேற என்ன?"

மேனேஜர் எதையோ தேடுவதுபோலக் காகிதங்களைப் புரட்டினார்.

அதிகாரி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் படித்தார். உதடு துடித்தது. "ஆஸ்பத்திரில மயங்கி விழுந்தது...?"

கொக்கி எழுந்து நின்று, வளைந்த விரலோடு கையைத் தூக்கினார்.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. புதுத் தள்ளுவண்டியும் வந்தது. வெளியே படிக்கட்டில் இறங்கும்போது நாங்கள் மூன்று பேரும் சந்தோஷத்தில் மாறி மாறிப் பேசினோம். கொக்கி மட்டும் பின்தங்கினார். கடைசிப் படியில் நின்றார்.

"சர்க்கார் கோப்புல ஏறிடுச்சேடா" என்றார் என்னிடம். "இனி அடிக்க முடியாதுல்ல?"

"முடியாதுண்ணே."

"பரவாயில்ல" என்றார் அண்ணி. "இருபத்தாறு பேரும் ஏறியாச்சு."